டேக்ரோவா சைக்ளோவா, ஓபி பெஞ்சுல ஒரு காலை

போன வாரம் லெவல், அதாவது ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்க ரத்தம் குடுத்துட்டு ஆஸ்பத்திரி ஓபி பெஞ்சுல உக்காந்திருந்தேன், பக்கத்துல ஒரு அக்கா, வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தி ரெண்டு மாசம் ஆகுதாம். "தம்பி உனக்கு டேக்ரோவா சைக்ளோவா, எது நல்லது?"ன்னு கேட்டாங்க. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ரெண்டுமே மாத்தின கிட்னியை உடம்பு தள்ளிவிடாம இருக்க போடற மருந்து. மிக்ஸி வாங்கறதுக்கு முன்னாடி விசாரிக்கற மாதிரியே கேட்டாங்க. நானும் ஆரம்பத்துல இப்படித்தான் அலைஞ்சேன்.

எனக்கு அம்மா கிட்னி, ஆறு வருஷம் ஆச்சு. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு, இப்ப நிறைய பேருக்கு இதான் செட்டு. 1971-ல வேலூர் சிஎம்சில ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணப்ப எல்லாம் டாக்டருங்க கையில இருந்தது அஸாதயோப்ரினும் ஸ்டீராய்டும்தான், சைக்ளோஸ்போரினே அப்புறம்தான் வந்துச்சு, டேக்ரோ அதுக்கும் பின்னாடி.

2007-ல சிம்ஃபனின்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 1645 பேரை நாலு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, எல்லாருக்கும் மைக்கோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும் பொது. ரிஜெக்‌ஷன், அதாவது உடம்பு புது கிட்னியை ஏத்துக்காம தாக்கறது, கம்மி டோஸ் டேக்ரோ குரூப்ல 12.3 சதவீதம், வழக்கமான டோஸ் சைக்ளோல 25.8, கம்மி டோஸ் சிரோலிமஸ்னு இன்னொரு மருந்துல 37.2. கிட்னி வேலை செஞ்சதும் டேக்ரோலதான் நல்லா இருந்துச்சு. அப்போ பேச்சே இல்ல, டேக்ரோதானேன்னு தோணும். ஆனா அதே ஆய்வுல புதுசா சுகர் வந்ததும் டேக்ரோ குரூப்லதான் அதிகம், அந்த கணக்குல நானும் ஒருத்தன்னு வச்சுக்கோங்க, ஏழாவது மாசமே சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் ஆரம்பிச்சாச்சு. கை நடுக்கம் வேற, டீ கிளாஸை இன்னமும் ரெண்டு கையாலதான் பிடிக்கறேன், முடியும் கொட்டுது. சைக்ளோல நேர் எதிர், முகத்துல எல்லாம் முடி முளைக்கும், ஈறு வீங்கும். எங்க பெஞ்சுல ஒரு பொண்ணு அதுக்காகவே டாக்டர்கிட்ட அழுது டேக்ரோவுக்கு மாறுச்சு, அது அழுததுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. சிரோலிமஸ்னா வாய்ப்புண், கொலஸ்ட்ரால், ஆபரேஷன் புண் ஆறவும் லேட்டாகும். பெலாடாசெப்ட்னு ஒண்ணு இருக்கு, மாசம் ஒரு தடவை நரம்புல ஏத்தறது, அதெல்லாம் எங்க பெஞ்சு பக்கம் வரல.

அந்த அக்காகிட்ட நான் ரொம்ப நேரம் பேசினது என்னவோ லெவல் பத்திதான். ஒரே டேக்ரோதான், லெவல் ஏறினா அதே மாத்திரை கிட்னியை கெடுக்கும், இறங்கினா உடம்பு கிட்னியை தள்ளிவிட பாக்கும். டிபிக்கு ரிஃபாம்பிசின் போட்டா சர்ருன்னு இறங்கிடும், லூஸ் மோஷன் போனா ஏறிடும். சில டாக்டருங்க டில்டியாசெம்னு பிபி மாத்திரையை கூட சேத்து லெவலை ஏத்தி டேக்ரோ டோஸை குறைப்பாங்க, செலவு மிச்சம். லெவலுக்கு ரத்தம் காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி குடுக்கணும், ஒருதடவை நான் தூக்கக்கலக்கத்துல அதை முழுங்கிட்டு போய் ரத்தம் குடுத்து லெவல் 18-னு வந்து, டோஸை பாதியா குறைக்க இருந்தாங்க, நல்லவேளை சிஸ்டர் "மாத்திரை சாப்ட்டு வந்தீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க.

எல்லாத்தையும் கேட்டுட்டு அக்கா பையில இருந்து ஒரு பெரிய பம்ப்ளிமாஸ் எடுத்து காட்டினாங்க, ஊர்ல மரத்துல காய்ச்சதாம், அவருக்கு உரிச்சு குடுக்கலாமான்னு. அய்யோ அக்கா, அதுவும் லெவலை ஏத்தும், அதை என்கிட்டயும் நீட்டாதீங்கன்னேன். கடைசில அதை உரிச்சு சாப்பிட்டது வாசல்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன்.