மைனஸ் 30-ல் கோடரி எடுக்கும் முன்

ராத்திரி முழுக்க வெளியே கிடந்த கோடரியை மைனஸ் 30 டிகிரியில் எடுத்து நேராக மரத்தில் போடாதீர்கள். வட பின்லாந்துக்கு வந்து காட்டோரக் குடில், விறகு என்று இறங்குகிற நம்மவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் குளிரில் வெட்டப் போகும் முன் கோடரித் தலையைக் கோட்டுக்குள் செருகி, உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அதற்குக் காரணம் இருக்கிறது.

அடி விழும்போது எஃகின் அணு அடுக்குகள் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தால் கோடரியின் வாய் (வெட்டும் விளிம்பு) மடங்குமே தவிர உடையாது. அந்த வழுக்கலுக்கு வெப்பம் துணை செய்ய வேண்டும். குளிரக் குளிர அடுக்குகள் இறுகிக்கொள்ளும், ஆனால் விரிசல் ஓடுவது அந்த அளவுக்குக் கடினமாவதில்லை, அதனால் ஒரு கட்டத்துக்குக் கீழே மடங்குவதற்கு முன்பே சில்லு பெயர்ந்துவிடுகிறது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்ததில், வெல்டிங் குறையோடு எஃகின் இந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு. நிக்கல் சேர்த்தால் எஃகு தாங்கும். மைனஸ் 162 டிகிரியில் திரவ எரிவாயு வைக்கும் தொட்டிகளை 9 சதவீத நிக்கல் எஃகில் செய்வது அதனால்தான்.

திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த கத்தி உறுதியாகிறதே, அப்போ குளிர் நல்லதுதானே என்று கேட்பார்கள். அது வேறு. பதம் போடும்போது, அதாவது எஃகைச் சுடவைத்துச் சட்டென்று குளிர்விக்கும்போது, மாறாமல் மிச்சம் நிற்கும் மென்மையான பகுதியைக் கடினமாக மாற்றத்தான் அந்தக் குளிர். கூர் நிற்கும், அடி தாங்கும் குணம் அதிகரிக்காது.

உறைந்த பிர்ச் கட்டையைப் பிளப்பது உண்மையில் சுலபம், ஒரு போடு போட்டால் படக்கென்று விலகும். ஆபத்து கிளை கழிக்கும்போதுதான். ஸ்ப்ரூஸ் மரத்தின் காய்ந்த கிளைக் கணு குளிரில் கல்லாகிவிடும், அதில் மெல்லிய வாயைப் பக்கவாட்டில் திருப்பினால் பிறை வடிவில் ஒரு துண்டு போய்விடும். பெயர்ந்த இடம் மடங்கின தடமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் பொடிமணல் மாதிரி இருக்கும். குளிர்காலக் கோடரிக்கு வாயைக் கொஞ்சம் தடிப்பாகத் தீட்டுங்கள்.

சூடு காட்டுகிறேன் என்று அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். 200 டிகிரி தாண்டினாலே பதம் இறங்க ஆரம்பிக்கும், வாய் நீலம் பாரித்தால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். கை பொறுக்கும் சூடு போதும். அப்புறம், குளிர்ந்த கோடரியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும், துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.