ஐந்து நாள் வலிக்குப் பிறகுதான் பாலூட்டக் கற்றேன்

பிரசவம் சிசேரியன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கடுத்த ஐந்து நாள்களை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வார்டு சுவரிலேயே அதை ஒட்டியிருந்தார்கள். என் கையில் குழந்தை வந்தபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வந்த நர்ஸ் ஒரு கையால் என் மார்பையும் மறு கையால் குழந்தையின் பின்னந்தலையையும் பிடித்து அழுத்தினார். குழந்தை முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டது. "குடிக்க மாட்டேங்குது, உங்களுக்குப் பாலும் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. வேறு யாரும் சொல்லித்தர வரவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும். பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்றுத் தாமதமாகலாம். இதை யாராவது அன்று சொல்லியிருந்தால் நானும் அம்மாவும் இரவெல்லாம் அழுதிருக்க மாட்டோம். பவுடர் பால் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். நான்காம் நாள் எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காம்பில் வெடிப்பு. குழந்தை வாயை எடுக்கும்போதெல்லாம் காம்பு ஒரு பக்கம் நசுங்கி, சரிவாக வெட்டியதுபோல இருக்கும். பிடிப்பு சரியில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் தையல் வலியோடு மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். தாய்ப்பால் ஆலோசகரைப் பார்க்கலாம் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே போட்டிருந்தது. கவுண்டரில் குழந்தைக்குத் தனிச் சீட்டு கேட்டார்கள், போட்டோம். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு, "அவங்க வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாங்க, இன்னிக்கு இல்லை" என்றார்கள். தயவுசெய்து கிளம்பும் முன் போன் செய்து, ஆலோசகர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்தால் இன்னும் நல்லது.

அன்று மாலை தோழி ஒருத்தி வேறொரு ஆலோசகரிடம் அனுப்பினாள். அவர் என்னைத் தொடவே இல்லை. கையில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, அவர் செய்வதைப் பார்த்து நானே செய்ய வேண்டும் என்றார். வீட்டில் அவர் கை இருக்காதே!

முதலில் காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சு பக்கமாக மெல்ல ஒரு நிமிடம் அழுத்தச் சொன்னார். கருவட்டம் இறுகிக் கிடந்தால் குழந்தையால் கவ்வ முடியாதாம். அப்புறம் கையால் கொஞ்சம் பால் பீய்ச்சியதும் மார்பு இளகியது. தையல்மேல் பாரம் விழாதபடி, குழந்தையை அக்குளுக்கு அடியில் பக்கவாட்டில், தலையணைமேல் படுக்க வைத்தோம். தாங்க வேண்டியது கழுத்தையும் தோளையும். பின்னந்தலையை அழுத்தினால் குழந்தை பின்னால்தான் தள்ளும். முதல் நாள் நடந்தது அதுதான். மூக்குக்கு நேராகக் காம்பை வைத்துக் காத்திருந்து, கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறந்ததும் குழந்தையைச் சட்டென்று மார்போடு சேர்க்க வேண்டும். முகவாய் முதலில் பட வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது.

வலி நீடித்தால் பொறுத்துக்கொள்ளாமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி தொடங்கச் சொன்னார். ஏழு முறை விடுவித்தேன். எட்டாவது முறை வலி இல்லை. 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன்.

கணவரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது பெரிய உதவி. கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா என்பது மேலிருந்து பார்க்கும் தாய்க்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் அவர் எழுந்து பார்த்தார்.

பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்தவில்லை. எடை பார்த்துப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக் குறைத்தோம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பாலூட்டினேன். அழும்வரை காத்திராமல், குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோனதுமே பாலூட்ட எடுத்தேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது ஆறு முறை சிறுநீர் போக வேண்டும். அது குறைந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் குழந்தை எழாவிட்டாலோ, உங்களுக்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

பதினான்காம் நாள் பிறந்த எடை திரும்பிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அதே "பால் இல்லை"தான் சொல்லியிருந்தார்கள். ஆலோசகரின் எண்ணை அனுப்பினேன். நேற்று இரவு போன் செய்து, எதுவும் பேசாமல், தன் குழந்தை விழுங்கும் சத்தத்தைக் கேட்க வைத்தார்.