பியூப்ரெனார்ஃபினை நிறுத்தாமலே முழங்கால் அறுவை சிகிச்சை

ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) பழக்கத்திலிருந்து மீள்வதற்காக நாக்கடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை எடுத்துவருகிறேன். முழங்காலில் அறுவை சிகிச்சை என்றதும் கத்தியை நினைத்து நான் பயப்படவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் நம்புவார்களா, போதைக்காகக் கேட்கிறான் என்று நினைப்பார்களா என்பதுதான் பயம்.

அதனால் மயக்க மருந்து டாக்டரை முதல்முறை பார்த்தபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. என் சிகிச்சை மையத்துக்கு போன் செய்து, அளவை உறுதிசெய்துகொண்டார். "மாத்திரையை நிறுத்தாதீங்க, ஆபரேஷன் அன்னைக்குக் காலையிலயும் போட்டுக்கோங்க" என்றார். முன்பெல்லாம் நிறுத்தச் சொல்வார்களாம். நிறுத்தினால் வலியோடு கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று விலகல் அறிகுறிகளும் சேரும்; பழைய பழக்கம் திரும்பவும் வழியாகும்.

தினமும் எடுக்கும் மாத்திரையே வலிக்குப் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. போதை ஏக்கத்தை அது நாள் முழுக்க அடக்கும், வலியைக் குறைப்பது சுமார் 6 முதல் 8 மணி நேரம்தான். எனவே என் ஒரு நாள் அளவை மூன்றாகப் பிரித்து 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். அதோடு காலை மரத்துப்போகச் செய்யும் நரம்புத் தடுப்பு ஊசி, நேரம் தவறாமல் பாராசிட்டமால். (மருந்தை நிறுத்தாமல் இருப்பது, இதே பழக்கத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான நால்ட்ரெக்சோன் எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. அது ஓபியாய்டு வலி மருந்தையே தடுத்துவிடும் என்பதால் டாக்டர் சொல்படி முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.)

நரம்புத் தடுப்பு தேய்ந்த இரவுதான் கஷ்டமாக இருந்தது. மார்ஃபின் கேட்டேன். பணிக்குப் புதிதாக வந்த நர்ஸ் அளவைப் பார்த்துத் தயங்கினார். தயங்கியது நியாயம்தான், பழகிப்போன உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. கேஸ் ஷீட்டில் மயக்க மருந்து டாக்டர் காரணத்தோடு எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு, டூட்டி டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு ஊசி போட்டார். அப்புறம் விடியும்வரை அடிக்கடி வந்து என் மூச்சை எண்ணினார், பெயர் சொல்லி எழுப்பிப் பார்த்தார். அன்று அந்த எழுத்து இல்லாவிட்டால் நான் வாதாடும் நிலையில் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சில நாளுக்கு மட்டும் வலி மாத்திரை கொடுத்தார்கள். அதை அம்மா வைத்துக்கொண்டு வேளாவேளைக்குத் தந்தார். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் அதை முறிக்கும் நலாக்சோன் மருந்தையும் கையோடு கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். மறுநாளே என் மையத்துக்குப் போய், பழையபடி ஒரே வேளையாக மாத்திரையை எடுக்கத் தொடங்கினேன்.