கட்டமா, கிறுக்கலா, புள்ளிவட்டமா?

2025 நவம்பர் 8, யாங்கோன்

கோயில் அலுவலகக் கணினியில் விண்டோஸ் 7-ஐ அழித்துவிட்டு விண்டோஸ் 11 ஏற்றியாயிற்று. கார்த்திகை தீப அழைப்பிதழில் இப்போது நாலு விதக் கோளாறு. எதைக் கண்டாலும் ‘ஃபான்ட் போடு’ என்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

சுலபமானது முதலில். லதா எழுத்துருவில் அடித்த பக்கம் வேறு எழுத்துருவில் தெரிந்து வரிகள் நகர்ந்திருக்கின்றன. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா எழுத்துருக்கள் கூடவே வருவதில்லை. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்க்க வேண்டும். இணையம் வேண்டும், கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து.

நவம்பர் 9

பழைய நோட்டீஸ்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கிறது. கோப்பு கெடவில்லை, உள்ளே இருப்பதே ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை வலச்சொடுக்கி ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுக்கவும். சும்மா நிறுவினால் அந்தப் பயனர் கணக்கில் மட்டும் உட்காரும், பழைய மென்பொருள்கள் சிலவற்றின் கண்ணில் படாது.

யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் போதும். பாமினி வரிகளை மட்டும் கொடுக்கவும். நடுவில் ஆங்கில முகவரி இருந்தால் அதுவும் ‘தமிழாகி’விடும்.

நவம்பர் 11

பர்மியப் பகுதிதான் உண்மையான தலைவலி. பாமினி ஆங்கிலக் குறிகளில் குடியிருக்கிறது. ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவோ பர்மிய யூனிகோடு இடத்திலேயே தன் இஷ்டத்துக்குக் குடியிருக்கிறது. அதனால் விண்டோஸின் ‘மியன்மார் டெக்ஸ்ட்’ எழுத்துரு அதைப் பர்மியமாகவே காட்டும், ஆனால் தாறுமாறாக.

கண்டுபிடிக்க ஒரு வழி: நம் ஒற்றைக்கொம்பு போல மெய்க்கு இடப்பக்கம் நிற்கும் ‘ஏ’ குறி. யூனிகோடில் அது மெய்க்குப் பின் சேமிக்கப்படும், ஜாவ்ஜியில் முன். சொல்லின் தொடக்கத்தில் அந்தக் குறியோடு புள்ளிவட்டம் (மெய் இல்லாத இடத்தில் வரும் புள்ளிகளாலான வட்டம்) தெரிந்தால் அது ஜாவ்ஜி. எத்தனை யூனிகோடு எழுத்துரு போட்டாலும் தேறாது. மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும். நாடு 2019 அக்டோபர் 1 அன்றே யூனிகோடுக்கு மாறிவிட்டது, கோயில் கோப்புகள்தான் பாக்கி. நகலில் செய்யவும்: ஏற்கெனவே யூனிகோடான வரி மறுபடி மாற்றியில் போனால் சிதைந்துவிடும்.

நவம்பர் 12

மிச்சம் ௵ (வருடம்), ௴ (மாதம்), ௐ (ஓம்) இருக்க வேண்டிய இடத்தில் கட்டம். ௐ யூனிகோடில் சேர்ந்ததே 2008-இல். அதற்கு முந்தைய அலங்கார எழுத்துருக்களில் எப்படி இருக்கும்? அந்த ஓர் எழுத்தை மட்டும் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவுக்கு மாற்றினால் சரி.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பு வேண்டாம், பிடிஎஃப் அனுப்பவும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘எம்பெடட்’ (எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது என்று பொருள்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.