பட்டிக்கு வந்த வெள்ளி: காவல்நாய் வளர்ப்பு நாட்குறிப்பு

2023 மார்ச் 4

வெள்ளி வந்துவிட்டாள். பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. மரெம்மா இனம், இத்தாலியின் மலைச்சரிவுகளில் ஓநாய்களிடமிருந்து ஆட்டுக்கிடைகளைக் காத்துவரும் வெள்ளை நாய் இனம். தாயும் தகப்பனும் இன்றும் ஆடுகளோடு வேலையில் இருப்பதை நேரில் பார்த்த பிறகுதான் எடுத்தேன். அழகுக்காக வளர்க்கப்பட்ட வம்சத்திலும் நல்ல காவல்நாய் பிறக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கையில் என் மந்தையை நான் பணயம் வைக்க மாட்டேன்.

என் மந்தை அல்பாக்காக்கள், உரோமத்துக்காக வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்குகள். அவற்றின் நடுவே அவளை உடனே விடவில்லை. பட்டியை ஒட்டிக் கம்பிவலை அடித்துத் தனியிடம் ஒதுக்கியிருக்கிறேன். மந்தையின் மூத்தவளான செவலை கம்பியருகே வந்து நின்று, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, மோவாயைத் தூக்கித் துப்பினாள். பிறகு முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்தாள். அல்பாக்காவின் பாதம் குளம்பில்லாத மெத்தைப் பாதம்தான். ஆனாலும் எழுபது கிலோ உடம்பின் கனத்தோடு அது குட்டியின் மேல் இறங்கினால் விலா எலும்பு தாங்காது. முதல் சில வாரங்களுக்கு அல்பாக்காவிடமிருந்து நாயைக் காப்பதுதான் என் வேலை.

மார்ச் 19

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாறு வாரம் வரைதான் மனம் அகலத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் எந்த உயிர்களோடு பழகுகிறதோ அவற்றையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அதனால் இரவில் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். அவள் தூங்குவதும் விழிப்பதும் அல்பாக்காக்களின் முனகல் காதில் விழும் இடத்தில்தான்.

இதைச் சொன்னால், ‘அப்படியானால் குட்டியைத் தொடவே கூடாதா’ என்று கேட்கிறார்கள். மனிதக் கையே படாமல் வளர்த்தால்தான் மந்தையோடு ஒட்டும் என்று பழைய அறிவுரை ஒன்று உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நாளை இவள் நாற்பது கிலோ நாய். காலில் முள் ஏறினாலோ கடிபட்டுக் காயத்தோடு வந்தாலோ, தொடவிடாத நாயை யார் குணப்படுத்துவது? தினமும் பாதங்களைப் பிடித்துப் பார்க்கிறேன். வாயைத் திறந்து பல் பார்க்கிறேன். காதுக்குள் விரல் விட்டுத் துடைக்கிறேன். கழுத்துப்பட்டை, கயிற்றில் நடப்பது, பெயர் சொன்னால் வருவது, ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துவது எல்லாம் பட்டிக்குள்ளேயே நடக்கின்றன. கொஞ்சலும் அங்கேயே.

ஏப்ரல் 16

கயிற்றோடு உள்ளே அழைத்துப்போகத் தொடங்கியாயிற்று. சினையாக இருப்பவற்றையும் குட்டி வைத்திருப்பவற்றையும் வேறு அடைப்புக்கு மாற்றிவிட்டு, வயதான நிதானமான பெண் அல்பாக்காக்களோடு மட்டும் வெள்ளியை விடுகிறேன். அவள் தரையோடு தரையாகப் படுத்து, வாலைத் தாழ்த்தி, பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தப் பெண் அல்பாக்காக்களில் ஒருத்தியான மயிலை குனிந்து அவள் முதுகை மோந்துவிட்டுப் போனாள். அந்தப் பணிவு நான் கற்றுக்கொடுத்ததல்ல, இனத்தின் ரத்தத்தில் இருப்பது. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் என் பங்கு.

மூலையில் தாழ்வான ஒரு மறைப்பு வைத்திருக்கிறேன். வெள்ளி நுழையலாம், அல்பாக்கா நுழைய முடியாது. சோறும் அங்கேதான். உணவுக் கிண்ணம் மந்தையின் நடுவே இருந்தால், கிட்ட வரும் அல்பாக்காவைப் பார்த்து நாய் உறுமப் பழகும். அந்தப் பழக்கத்தை வேரூன்ற விட்டால் பிறகு பிடுங்குவது கடினம்.

ஏப்ரல் 30

அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வைப் பற்றி மறுபடியும் படித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல்நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து, வளர்வதைத் தொடர்ந்து கவனித்தவர்கள். ஒரு காவல்நாயை மூன்று குணங்களால் அளந்தார்கள்: மந்தையை விட்டு விலகாத கவனம், மந்தைக்குத் தீங்கு செய்யாத நம்பகம், அந்நியமானது வந்தால் எதிர்த்து நிற்பது. எல்லோரும் என்னிடம் விசாரிப்பது மூன்றாவதைப் பற்றி மட்டுமே. ‘நரியைக் கடிக்கப் பழக்குகிறீர்களா’ என்கிறார்கள். கடிக்கப் பழக்குவதே இல்லை. கடிக்கப் பழகிய நாய் மந்தைக்குள் இருக்கத் தகுதியற்றது. முதல் இரண்டும் சரியாக அமைந்தால், மூன்றாவது வயது வந்ததும் தானாக வரும்.

ஜூன் 11

உரோமம் கத்தரிக்கும் நாள். ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்யாவிட்டால் வெயில் காலத்தில் அல்பாக்காக்கள் சூட்டில் சுருண்டுவிடும். கத்தரித்து முடித்ததும் ஒவ்வொன்றும் பாதி உடம்பாகி, நீண்ட கழுத்தும் மெலிந்த காலுமாக வெளியே வந்தது. வெள்ளி குரைத்துத் தீர்த்துவிட்டாள். தெரிந்த உருவமும் இல்லை, தெரிந்த வாசனையும் இல்லை. மூத்த நாய் மல்லன் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றின் மூக்கருகே போய் மோந்து, அடுத்ததற்கு நகர்ந்தான். சிறிது நேரத்தில் வெள்ளியும் அவன் பின்னாலேயே போய் அதையே செய்தாள். நான் எத்தனை நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

செப்டம்பர் 3

எட்டு மாதம். எல்லோரும் எச்சரிக்கும் பருவம் வந்துவிட்டது.

இன்று காலை வேலியோரம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளி முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, ஓராண்டு வயதுள்ள சிறிய ஆண் அல்பாக்காவின் முன்னால் குதித்தாள். அது ஓடியது. ஓடியதும் இவளுக்குக் கண் மாறிவிட்டது. இரண்டே பாய்ச்சலில் எட்டி, கழுத்து உரோமத்தை வாயில் கவ்வினாள். கடிக்கவில்லை, இழுத்தாள். நான் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டாள். தோலைப் பிரித்துப் பார்த்தேன், கீறல் இல்லை. எச்சிலில் நனைந்த உரோமம் ஒரு கற்றையாகத் திரண்டிருந்தது. அந்தச் சிறியது கொட்டிலின் சுவரோரம் மூக்கை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

இது பகையல்ல, விளையாட்டு. இன்னொரு நாயோடு எப்படி விளையாடுமோ அப்படியே அல்பாக்காவோடும் விளையாடப் பார்க்கிறது. ஆனால் அல்பாக்காவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விளையாட்டுத் துரத்தலிலேயே கால் ஒடியலாம், சூடேறி விழலாம், சினை கலையலாம். நாய்க்கோ துரத்துவதே ஒரு பரிசு. ஓடுவதைத் துரத்தினால் கிடைக்கும் அந்தக் களிப்பை நாலைந்து முறை ருசித்துவிட்டால் பிறகு எந்த அதட்டலும் எடுபடாது. எத்தனையோ நல்ல நாய்களை மக்கள் இந்த வயதில்தான் ‘இது தேறாது’ என்று கைவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வேதனை. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் வேலைநாய் ஆகியிருக்கும்.

ஏற்பாடு இதுதான். நான் பார்க்க முடியாத நேரத்தில் அவள் கம்பிவலைக்குள். பார்க்க முடிந்த நேரத்தில் மந்தைக்குள், அதுவும் துரத்தலுக்கு இடம்கொடுக்காத செவலை, மயிலை போன்றவர்களோடு. அவர்கள் ஓடமாட்டார்கள், திரும்பி நின்று மிதிப்பார்கள். இளசுகள் வேறு அடைப்பில். மல்லனோடு விளையாடி உடம்பின் துடிப்பைத் தீர்த்துக்கொள்ளக் காலையிலும் மாலையிலும் நேரம் உண்டு. கழுத்துப்பட்டையில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டால் ஓட்டம் குறையும் என்று சிலர் செய்கிறார்கள். நான் அதற்குப் போகவில்லை. அது ஓட்டத்தைத்தான் தடுக்கும், எண்ணத்தைத் தடுக்காது.

செப்டம்பர் 24

மாற்றமில்லை. கயிறு, கம்பிவலை, கண்காணிப்பு.

டிசம்பர் 10

இரவில் குரைக்கிறாள். பட்டியைச் சுற்றி நடந்து, மூலைக்கு மூலை சிறுநீர் கழித்து எல்லை போடுகிறாள், மறுபடி குரைக்கிறாள். இந்த இனங்களின் வேலையில் பெரும்பகுதி இந்தக் குரைப்புதான். ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று தெரிந்தால் நரி வேறு வழி பார்க்கும். கட்டுப்பாடின்றித் திரியும் நாய்க்கூட்டம்தான் அல்பாக்காவுக்கு நரியைவிடப் பெரிய ஆபத்து. அவை பசிக்காகக் கொல்வதில்லை, ஓடுகிற அத்தனையையும் துரத்திக் கிழிக்கும்.

நாய் அங்கே இருப்பதே பாதிக் காவல் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மிடில் ஐலண்ட் சாட்சி. விக்டோரியா மாநிலத்தின் வார்னம்பூல் கரையை ஒட்டிய சிறு தீவு அது. நீர் வற்றும்போது நரிகள் கடந்துபோய், அங்கிருந்த சிறு பென்குவின்களைப் பத்துக்கும் கீழே குறைத்துவிட்டன. 2006இல் ஒரு கோழிப்பண்ணைக்காரரின் யோசனைப்படி மரெம்மா நாய்களை அங்கே கொண்டுபோனார்கள். பென்குவின்கள் மீண்டும் பெருகின. 2017இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுசெல்ல முடியாத நாட்களில் நரி புகுந்து பலவற்றைக் கொன்றுவிட்டது. நாய்கள் இல்லாத அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. வெள்ளியைக் கம்பிவலைக்குள் வைக்க வேண்டியிருக்கும் இந்த மாதங்களில், மல்லன் ஓர் இரவுகூடப் பட்டியை விட்டு விலகாதபடி பார்த்துக்கொள்கிறேன்.

2024 மே 19

பின்மதியம் செவலையின் அபாயக்குரல். கேட்டவர்களுக்குத் தெரியும், விட்டுவிட்டுக் கீச்சிடும் அந்தக் கூர்மையான ஒலியை. மந்தை முழுவதும் காதுகளை நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்தது. வெள்ளி எழுந்த வேகத்தில் அந்தப் பார்வையின் கோட்டிலேயே ஓடி, மந்தைக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்றாள். வேலிக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு நாய். மல்லன் வேலிவரை போய்க் குரைத்தான். வெள்ளி போகவில்லை, மந்தையின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றாள். அந்த நாய் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே இருந்தாள்.

ஒரு நாயைத் துரத்தினாள் என்பதற்காக அல்ல, துரத்திக்கொண்டு போகாமல் நின்றாள் என்பதற்காக எனக்கு நெஞ்சு நிறைந்தது. வேலி தாண்டி ஓடும் காவல்நாயால் மந்தைக்குப் பயனில்லை.

நவம்பர் 17

மயிலை இன்று ஈன்றாள். ஏறத்தாழ பதினொன்றரை மாதச் சினை. அல்பாக்காக்கள் பெரும்பாலும் பகலில்தான் ஈனும். இவளும் காலை வெயில் ஏறியதும் ஈன்றாள். கடந்த ஈற்றுகளில் வெள்ளியைக் கயிற்றில் பிடித்துத் தொலைவிலிருந்து பார்க்கவிட்டேன். இன்று கயிறு இல்லை. நான் கொட்டில் வாசலில்.

அல்பாக்கா தன் குட்டியை நக்கித் துடைக்காது. மூக்கால் தொட்டு, முனகி, குரலால்தான் பிணைப்பை ஏற்படுத்தும். ஈரத்தோடு கிடக்கும் குட்டியை நாய் நக்கப் போனால் அந்தப் பிணைப்பில் குறுக்கிடக்கூடும். நான் அஞ்சிய இடம் அதுதான். வெள்ளி நாலைந்து அடி தள்ளிப் படுத்தாள். குட்டி எழ முயன்று விழுந்தபோது தலையைத் தூக்கினாள். மயிலை ஒரு பார்வை பார்த்தாள். தலை மறுபடி தரைக்குப் போனது. குட்டி எழுந்து பால் குடித்த பிறகும் அவள் கிட்ட வரவில்லை.

நஞ்சுக்கொடி விழுந்ததும் நானே எடுத்துப் புதைத்துவிட்டேன். நாய் தின்றால் நரியை இழுக்கும் வாசனை போய்விடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அந்த வழியாக நாய்க்குள் போய், மலத்தோடு மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பி வரலாம். மாடுகளில் கரு கலைவதற்கு அது நன்கு அறியப்பட்ட காரணம், அல்பாக்காவையும் தொற்றும். சினைகள் நிற்கும் பட்டியில் அந்த ஆபத்தை நான் ஏற்கமாட்டேன்.

இன்றிரவு முதல் தாய்களும் குட்டிகளும் இருக்கும் அடைப்பு வெள்ளியின் பொறுப்பு. மல்லனுக்கு இடுப்பில் வலி தெரிகிறது. ஆண் அல்பாக்காக்களின் சிறிய அடைப்புக்கு மாற்றுகிறேன். ஒரு நாய் மட்டும் இரவு முழுவதும் தாய்களைக் காப்பது கடினம் என்பதால், வரும் ஆண்டில் இன்னொரு நாய்க்குட்டி வேண்டும். ஒன்றே ஒன்றுதான். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுத்தால் ஒன்றையொன்று விளையாட்டுக்கு இழுத்து மந்தையை மறந்துவிடும்.