மடை திறந்த நீர்க்கட்டிகளுக்கு மரியாதை: கண்மாய்க்கரை நாட்குறிப்பு

செப்டம்பர் 6

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். ஐ.நா. 1990இல் அறிவித்தது, 1991 முதல் நடக்கிறது. அன்று ஊரில் சால்வை போட்டு மரியாதை செய்ய வேண்டிய முதியவர்களைப் பட்டியல் போட உட்கார்ந்தால் முன்னாள் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், கோயில் தர்மகர்த்தா என்று பெயர்கள் தானாக வரும். மடை திறந்தவர் பெயர் வராது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்தவர் நீர்க்கட்டிதான். அவர் முறை வைத்த வாய்க்காலில் நிலக்காரர் மண்வெட்டி போடக் கூடாது. கூலி, அறுப்புக் களத்தில் அளக்கும் நெல். பல ஊர்களில் இது தலித் குடும்பங்களின் தலைமுறை வேலை. பெயர் விடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைமடைச் சம்சாரிகளிடம் (வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளிடம்) “உங்க வயலுக்கு யாரு தண்ணி கட்டினது?” என்று கேட்டால் பெயர்கள் கிடைக்கும்.

செப்டம்பர் 9

நீர்க்கட்டிகளின் வயதுக்கு ஆதாரை நம்ப வேண்டாம். பழைய ஆட்களுக்குக் குத்துமதிப்பாகப் பதிந்திருப்பார்கள். 1964 தனுஷ்கோடிப் புயலில் மாடு மேய்த்தாரா, 1977 புயலில் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டுக் கணக்கிடலாம். ஆதாரில் வயது குறைந்திருந்தால் மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையும் நின்றுபோகும். அதைத் திருத்திக் கொடுப்பது சால்வையைவிடப் பெரிய மரியாதை.

செப்டம்பர் 13

அடுத்து, அவர்கள் அனுபவத்தைக் குரலில் பதிவு செய்வது. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்த வேண்டும். தோள்துண்டு அதில் உரசினால் பதிவு முழுக்கச் சரசரப்புதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை விமான நிலையில் போடவும். காது மந்தமானவரிடம் கத்தக் கூடாது. கத்தினால் குரல் கீச்சென்று ஏறும். முதுமையில் முதலில் கேளாமல் போவது அந்தக் கீச்சொலிதான். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்திக் கேட்கலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் பதில்கள் சுருங்கிவிடும். அப்பாவுக்குப் பதில் மகனே பேச ஆரம்பித்தால் மகனை டீ வாங்க அனுப்புவது நல்லது.

செப்டம்பர் 17

“அந்தக் காலம் எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதோடு முடியும். கையால் செய்ததைக் கேட்க வேண்டும். குமிழி மடையில் (கண்மாய்க்குள் முங்கித் திறக்கும் பழைய மடை) மேலே தண்ணீர் போகும் நீரோடித் துளை, அடியில் வண்டல் போகும் சேறோடித் துளை. எதை எப்போது திறப்பது, முங்கும்போது கால் எங்கே ஊன்றுவது, இழுவை எந்தப் பக்கம்? பிறகு மடைக்கு ஷட்டர் போட்டபோது சேறோடியை அடைத்துவிட்டார்களா என்பதும் கட்டாயக் கேள்வி. அடைத்திருந்தால் வண்டல் மடை வாயிலேயே படியும்.

செப்டம்பர் 21

கரைக்காவல் பற்றித் தனியாக ஒரு பதிவு எடுப்பது அவசியம். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் கரையின் வெளிச்சரிவில் கசிவைப் பார்ப்பார்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது, உடனே ஆள் திரட்ட வேண்டும். பெரும்பாலும் நண்டு வளைதான் காரணம். அதைத் தண்ணீர்ப் பக்கத்தில், வைக்கோல் பிரியும் மண்ணும் வைத்து மிதித்து அடைப்பார்கள். வெளிப்பக்கம் மண் கொட்டி அடைத்தால், தண்ணீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். இன்று கரையை எந்திரம் வைத்துப் பலப்படுத்துகிறவர்கள் இந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

செப்டம்பர் 27

மரியாதை செய்யும் விழாவுக்கு மேடை வேண்டாம், முதியவர்களால் படி ஏற முடியாது. தரையில் பந்தல், கைப்பிடி நாற்காலி, காலை பத்துக்குள் முடிவு, பக்கத்தில் கழிப்பறை. அறிமுகத்தில் “தன்னலமற்ற சேவை” மாதிரிச் சொற்களை அடித்துவிட்டு, எந்த மடை, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு (அந்த மடை பாயும் நிலம்), எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று வாசிக்க வேண்டும். களத்து நெல் பாக்கி இருந்தால் சால்வைக்கு முன்பே தீர்த்துவிடுவது முறை.

செப்டம்பர் 30

அக்டோபர் 2 கிராமசபையில் பெயர்களையும் மடைகளையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றக் கேட்கலாம். பதிவுக்கு மூன்று நகல்: ஒன்று வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம், ஒன்று மெமரி கார்டில் அந்த நீர்க்கட்டி வீட்டுக்கு. கோப்பின் பெயரில் ஆள், மடை, தேதி மூன்றும் இருக்கட்டும்.