பதினைந்தரைக் கழுத்து

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தையற்கடையில், இந்த ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தேன். ஐப்பசியில் ரொறன்ரோவுக்குப் புறப்படவிருக்கும் என் அக்காவின் மகன், அங்கே அலுவலக வேலைக்குப் போட்டுக்கொள்வதற்காகத் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். “மாமா, ஆறு சேர்ட் காணுமோ, எட்டாத் தைப்பமோ?” என்று கேட்டான். ஒன்றும் தைக்க வேண்டாம் என்று சொன்னேன். கத்தரிக்கோலோடு நின்ற தையற்கார அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய பிழைப்பில் மண் போடும் எண்ணம் எனக்கில்லை. நான் இன்றுவரை போட்ட சேர்ட்டுகளில் உடம்போடு ஒட்டி நின்றவை அவர் தைத்தவைதாம். ஆனாலும் 2012இல் இதே கடையில் ஆறு சேர்ட் தைத்துக்கொண்டு போய் நான் பட்டதை அவனுக்குச் சொல்லாமல் விட முடியவில்லை.

அந்த ஆறில் நான்கு அரைக்கை. வன்னி வெயிலில் கந்தோருக்குப் போகிறவர் அரைக்கை போடுவதில் யாரும் குறை காண்பதில்லை. முழுக்கை போட்டாலும் பத்து மணிக்கெல்லாம் முழங்கை வரை மடித்துவிடுவோம். ரொறன்ரோவில் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினேன் என்பதால், அந்தச் சேர்ட்டுகள் பயணப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பிறகு ஒரு கணக்கு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு கிடைத்தபோது அவற்றை வெளியே எடுத்தேன். பேனை இரண்டும் அடையாள அட்டையும் கொள்ளும் பெரிய பொக்கற். மினுமினுக்கும் பொலியெஸ்டர் கலவைத் துணி. குனிந்து நிமிர்ந்தால் காற்சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும் அளவுக்குக் குறைந்த நீளம். ரை கட்டுவதற்காக மேல்தெறியைப் பூட்டியபோதுதான், அந்தத் தெறியை நான் பிறந்ததிலிருந்து பூட்டியதே இல்லை என்பதும், பண்டகசாலைச் சாப்பாட்டில் கழுத்துப் பருத்துவிட்டது என்பதும் தெரிந்தன.

கடைக்குப் போனேன். விற்பனையாளர் என் அளவைக் கேட்டார். “மீடியம்” என்றேன். அவர் சிரிக்காமல், கழுத்து எத்தனை, கை எத்தனை என்று திரும்பக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஊரில் என் அளவு எனக்குத் தெரிய வேண்டிய தேவையே இருந்ததில்லை. அது தையற்காரரின் கொப்பியில் இருந்தது. 2008 இடப்பெயர்வில் அந்தக் கொப்பி தொலைந்து, மீளக்குடியேறி வந்தபின் வாடிக்கையாளரை ஒவ்வொருவராக மறுபடி அளந்து எழுதியதாக அண்ணை ஒருமுறை சொல்லியிருக்கிறார். எழுதி வைத்தவர் அவர், உடுத்தியவன் நான். ஆயத்த ஆடை விற்கும் நாட்டில் அந்தக் கொப்பியை நாமே மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கடை வாசலில்தான் படித்தேன்.

அங்கே முறையான சேர்ட்டுகளின் கொலர் உட்புறத்தில் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: ‘15½’ என்பது கழுத்து, ‘32/33’ என்பது கை, இரண்டும் அங்குலத்தில். கழுத்து அளவு அரை அங்குலம் அரை அங்குலமாகக் கூடிப் போகும். குரல்வளைக்குக் கீழே நாடாவைச் சுற்றி, அதற்குள் இரண்டு விரல் நுழையும்படி விட்டு வாசிப்பதே சரியான கழுத்தளவு. இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் பெரியதையே எடுக்க வேண்டும், ஏனெனில் பருத்தி முதல் சில சலவைகளில் சற்றுச் சுருங்கும். கை அளவில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். நமது தையற்காரர் தோள் மூட்டிலிருந்து மணிக்கட்டு வரை அளப்பார். எனக்கு அது 24. கனடாக் கடைகளில் எழுதியிருக்கும் அளவு பின்கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கித் தோளைக் கடந்து மணிக்கட்டுக்கு வருவது. ஆகவே தோள் அகலம் 18இல் பாதியான 9ஐயும் சேர்த்து எனக்கு 33 வரும். இது தெரியாமல், 33 என்றால் குரங்குக் கை என்று எண்ணி, அங்கிருந்தவற்றில் மிகச் சிறிய கையளவைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு வந்து, முதல் மாதம் முழுவதும் மணிக்கட்டுத் தெரியக் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தேன். ‘32/33’ என்று இரண்டு எண் சேர்ந்திருப்பது ஒரே சேர்ட்டை இரு நீளக்காரருக்கும் விற்பதற்காக. கைப்பட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெறிகள் இருப்பதும் இதற்காகத்தான், கை சற்றுக் குட்டையானவர் உள்தெறியில் இறுக்கிப் பூட்டினால் பட்டி உள்ளங்கைக்கு இறங்காது.

இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தும் நான் ஏமாந்த ஒரு சம்பவம் உண்டு. பண்டிகைக்கால மலிவு விற்பனையில், குண்டூசிகள் குத்தி, அட்டை வைத்து, கொலருக்குள் பிளாஸ்ரிக் வளையம் வைத்துப் பெட்டிபோல் மடித்திருந்த மூன்று சேர்ட்டுகளை, போட்டுப் பார்க்காமலே வாங்கிவிட்டேன். வீட்டில் ஒவ்வொரு குண்டூசியாகக் கழற்றி, ஒன்பதாவது ஊசி விரலில் ஏறிய பிறகு, போட்டுப் பார்த்தால் வயிற்றுப் பகுதியில் தெறிகளுக்கு நடுவே வாய் பிளந்தது. உடம்பை ஒட்டிய ஒடுக்கமான வெட்டு என்பதைக் குறிக்கும் ‘ஸ்லிம்’ என்ற சொல் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. இறுதி விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம் என்பது பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து, பெட்டியில் மடித்த சேர்ட்டைப் பிரித்துக் காட்டும்படி கேட்க வெட்கப்படுவதில்லை. வயிற்றுப் பக்கம் தளர்வாக இருந்தால் வாங்கலாம்; ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பகுதியில் வீட்டிலிருந்தே தைக்கும் நமது அக்காமார் பலர் உண்டு, பக்கத் தையலைப் பிடித்துத் தருவார்கள். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டித் தொங்கினால் மட்டும், எவ்வளவு மலிவானாலும் திரும்ப வைத்துவிட வேண்டும். தோளைத் திருத்துவதென்றால் கையையே கழற்றிப் பூட்ட வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு சேர்ட் வாங்கலாம்.

விலையைப் பற்றிப் புதிதாக வருகிறவர் அறிய வேண்டிய முதல் விடயம், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விலைச்சீட்டில் இருப்பது கொடுக்கப்போகும் விலை அன்று என்பது. 13 வீத வரி காசாளரிடம் சேரும். 29 டொலர் 99 சதம் என்று தொங்கும் சேர்ட் 33 டொலர் 89 சதம் ஆகிவிடும். நான் பெரும்பாலும் வின்னர்ஸ் போன்ற கழிவு விலைக் கடைகளிலேயே வாங்குகிறேன். அங்கே பொறுமைதான் மூலதனம். என் கழுத்தளவுத் தட்டில் இன்று ஒன்றும் இராது, அடுத்த வாரம் நான்கு இருக்கும். பழைய உடைக் கடைகளுக்குப் போக எனக்கு வெகு காலம் மனம் வரவில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் நிவாரணமாகக் கிடைத்த, இரண்டு பேர் நுழையக்கூடிய ஒரு சேர்ட்டை மாதக்கணக்கில் போட்ட நினைவு அதற்குக் காரணமாக இருக்கலாம். இப்போது போகிறேன். அளவு தெரிந்து, நானே தேர்ந்து, நானே காசு கொடுத்து எடுப்பது வேறு.

தரம் பார்க்கக் கற்றுத்தந்தவள் என் சித்தியின் மகள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதிக்கான ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுள் அவளும் ஒருத்தி. கடையில் நின்றுகொண்டே அவளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தபோது, “அண்ணா, முன்னுக்குப் பாக்காதேங்கோ, உள்பக்கம் புரட்டுங்கோ” என்றாள். புரட்டினால் எல்லாம் தெரிகிறது: பக்கத் தையலின் ஓரம் மடித்து மூடப்பட்டிருக்கிறதா, தையல் நெருக்கமாக ஓடுகிறதா, தெறித்துளையில் நூல் பிசிறுகிறதா, மாற்றுத்தெறி கீழே தைத்திருக்கிறதா. கொலரை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கவும் சொன்னாள். உள்ளே வைத்து ஒட்டிய விறைப்புத் துணி சரியாக ஒட்டாவிட்டால், சில சலவைகளில் கொலர் அப்பளம்போல் பொங்கும். கோடு போட்ட துணியென்றால் பொக்கற்றின் கோடு நெஞ்சின் கோட்டோடு பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்தாலே போதும், தைத்தவருக்கு நேரம் கொடுத்தார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

துணி விடயத்தில் என் முடிவு பலருக்கு ஒவ்வாது. முழுப்பருத்தியே உயர்வு என்பார்கள். அயன் பண்ணித்தர ஆள் இருந்தால் உயர்வுதான். அடுக்குமாடியின் நிலவறைச் சலவை அறையில் காசு போட்டுத் தோய்த்து, இரவு பதினொரு மணிக்கு மாடி ஏறுகிறவனுக்கு ‘அயன் வேண்டாத’ பருத்தியே உதவும். அது பருத்தி இழைகளைப் பிசின் வகை இரசாயனத்தால் பிணைத்து மடிப்பு விழாமல் செய்த துணி; காற்று சற்றுக் குறைவாகப் போகும், கோடையில் பஸ்ஸில் நின்றால் முதுகு வியர்வை தெரியும். உலர்த்தியில் முற்றாகக் காயவிடாமல், ஈரம் இருக்கும்போதே எடுத்து உதறிக் கொழுவியில் மாட்டிவிட்டால் காலையில் போடலாம். வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆறு சேர்ட் போதும்: வெள்ளை இரண்டு, வெளிர்நீலம் மூன்று, மெல்லிய கோடு ஒன்று. வெள்ளையில் கொலர் அழுக்கு முதலில் தெரியும் என்பதால்தான் நீலத்தைக் கூட்டிச் சொல்கிறேன்.

இவ்வளவையும் அந்தக் கடையிலேயே சொல்லி முடித்தபோது, அண்ணை நாடாவை எடுத்து மருமகனை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கழுத்தில் சுற்றி, இரண்டு விரலைச் செருகி, “பதினாலரை” என்றார். பிறகு, “நீர் சொன்ன மாதிரியே எடுத்துப் பாப்பம்” என்று பின்கழுத்தின் நடுவில் நாடாவை ஊன்றி, தோளின் மேலாக மணிக்கட்டு வரை இழுத்து வாசித்தார். முப்பத்திரண்டு. மருமகன் இரண்டையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டான். எடுத்து வந்த துணியில் வேட்டிக்கு மேல் போட இரண்டு அரைக்கைகள் வெட்டச் சொன்னோம். அண்ணை கொப்பியைத் திறந்து, அவனுடைய பெயருக்குக் கீழே வழக்கமான அளவுகளை எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘கனடாக் கை 32.’